கம்ப்யூட்டர் வாசிக்கும் பியானோ ஏன் 'மெஷின்' மாதிரி கேட்குது? விரல் ரகசியத்தை ஏஐ பிடித்துவிட்டதா?

சீரியலில் சோகக் காட்சி வந்தால் பின்னணியில் மெல்ல ஒரு பியானோ. நகைக்கடை விளம்பரத்தில் பியானோ. தூக்கம் வர யூடியூபில் ஓடவிடும் மூன்று மணி நேர வீடியோவிலும் பியானோ. இவற்றில் கணிசமானவற்றை யாரும் பியானோ முன்னால் உட்கார்ந்து வாசித்ததே இல்லை. கம்ப்யூட்டர் திரையில் மவுஸால் சுரம் சுரமாக வைத்து, கட்டம் கட்டமாக அடுக்கிச் செய்தவை.

சில நேரம் அது கேட்ட உடனே தெரிந்துவிடும். எங்கே தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனா 'இது மனுஷன் வாசிச்சது இல்ல' என்று காது சொல்லிவிடும். அந்த வித்தியாசத்தை மறைக்கும் வேலையை இதுவரை ஸ்டுடியோக்களில் கீபோர்டு ப்ரோகிராமர்கள் செய்து வந்தார்கள். இப்போது அதே வேலைக்கு ஏஐ வந்து நிற்கிறது. அது யாருடைய விரல்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது என்பதில்தான் இப்போது சண்டையே.

முதலில், பியானோவுக்குள் என்ன நடக்கிறது?

பியானோ கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்ன சுத்தியல் கிளம்பிப் போய் கம்பியில் அடிக்கும். கடைசி கொஞ்ச தூரம் அந்த சுத்தியல் தனியாகப் பறந்துதான் போகிறது. அதற்குப் பிறகு விரல் என்ன செய்தாலும் அந்த அடி மாறாது. ஆக ஒரு சுரத்தைப் பொறுத்தவரை வாசிப்பவர் கையில் இருப்பது மூன்றே விஷயம்: எப்போது அழுத்தினார், எவ்வளவு வேகமாக அழுத்தினார், எப்போது விட்டார். கட்டை அடித்தட்டில் மோதும் சத்தம் மாதிரி சில்லறை விஷயங்கள் தனி. இதோடு காலில் இருக்கும் பெடலையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வீணையிலோ வயலினிலோ இப்படி இல்லை. சுரம் பிறந்த பிறகும் விரல் அதை வளைக்கும், அசைக்கும், கமகம் கொடுக்கும். அதை எண்ணாக மாற்றுவது பெரிய தலைவலி. பியானோவை எண்ணாக மாற்றுவது சுலபம். அதனால்தான் 'மனுஷன் மாதிரி வாசிக்கும் மெஷின்' ஆராய்ச்சி பெரும்பாலும் பியானோவைச் சுற்றியே நடந்திருக்கிறது.

இந்த எண்களைக் கடத்தும் மொழிக்குப் பெயர் மிடி. 1983 ஜனவரியில் அமெரிக்காவின் நாம் இசைக்கருவி கண்காட்சியில் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் கீபோர்டுகளை ஒரே வயரில் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றொன்றும் பாடியது. இதற்குப் பின்னால் இருந்த டேவ் ஸ்மித், இகுதாரோ ககேஹாஷி இருவருக்கும் 2013-ல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. தமிழ் சினிமாவுக்கும் இது சீக்கிரமே வந்துவிட்டது. 1986-ல் வெளியான 'புன்னகை மன்னன்' படத்திலேயே இளையராஜா கம்ப்யூட்டர் சீக்வென்ஸரைப் பயன்படுத்திவிட்டார்.

இங்கே ஒன்றை கவனிக்க வேண்டும். மிடி ஃபைலில் ஒலியே கிடையாது. 'இந்தக் கட்டை, இந்த நேரத்தில், இந்த வேகத்தில்' என்ற குறிப்புகள் மட்டும்தான். வேகத்துக்கு 1 முதல் 127 வரை எண். இதை வெலாசிட்டி என்பார்கள். ஒலியை வேறு ஒரு மென்பொருள் தரும். ஒலியே இல்லாத இந்த ஃபைல்தான் கட்டுரையின் கடைசியில் சட்டச் சிக்கலாக வந்து நிற்கப் போகிறது.

சரி, எங்கே மெஷின் வாடை அடிக்குது?

சீக்வென்ஸர் மென்பொருளில் ஒரு தாளத்தட்டை 480 அல்லது 960 துண்டுகளாக வெட்டி வைத்திருப்பார்கள். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில், 480 துண்டுக் கணக்கில், ஒரு துண்டு என்பது சுமார் ஒரு மில்லி செகண்ட். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு நுணுக்கமாக வைக்க முடியும். ஆனால் 'குவாண்டைஸ்' என்ற வசதியைத் தட்டினால் எல்லா சுரமும் ஓடிப்போய் பக்கத்துக் கட்டத்தின் கோட்டில் ஒட்டிக்கொள்ளும். கூடவே, மவுஸால் வைக்கும் சுரங்களுக்குப் பல மென்பொருட்களில் தானாக விழுவது ஒரே வெலாசிட்டி எண்தான்.

ஆக என்ன ஆகிறது? நான்கு சுரம் சேர்ந்த ஒரு கார்டு ஒரே நொடியில், ஒரே பலத்தில், ஒரே நீளத்தில் விழுகிறது. எந்த மனிதக் கையும் அப்படி வாசிக்காது. வாசிக்கவும் முடியாது.

127 படிகள் போதவில்லையோ என்று சிலருக்குத் தோன்றலாம். 2020-ல் அறிவித்த மிடி 2.0-வில் வெலாசிட்டிக்கு 65,536 படிகள் உண்டு. ஆனால் பிரச்சினை படிகளின் எண்ணிக்கையில் இருந்ததே இல்லை. இருக்கிற 127-ஐயே பயன்படுத்தாமல் விட்டால் 65 ஆயிரம் வந்து என்ன ஆகப்போகிறது?

'ஹியூமனைஸ்' பட்டன் போதாதா?

கிட்டத்தட்ட எல்லா இசை மென்பொருளிலும் இந்தப் பட்டன் இருக்கிறது. தட்டினால் ஒவ்வொரு சுரத்தையும் முன்னே பின்னே கொஞ்சம் தள்ளிவிடும், பலத்தையும் ஏற்றி இறக்கும். எல்லாம் குலுக்கல் முறையில். கேட்டால் மெஷின் வாடை போய்விடும். அதற்குப் பதிலாக, சரியாகப் பழகாத ஒருவர் தடுமாறுகிற மாதிரி கேட்கும். பல ஆரம்பநிலை இசையமைப்பாளர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

ஏன் அப்படி? 2011-ல் ஹோல்கர் ஹென்னிக் தலைமையிலான இயற்பியல் ஆய்வாளர்கள் 'ப்ளோஸ் ஒன்' இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மனிதர்கள் தாளம் வாசிக்கும்போது ஏற்படும் சின்னச் சின்ன விலகல்களை அளந்தபோது, அவை குலுக்கல் மாதிரி சிதறவில்லை. ஒரு விலகலுக்கும் அதற்குப் பல தட்டுகள் தள்ளி வரும் விலகலுக்கும் தொடர்பு இருந்தது. சாலையில் நடக்கிறவரை யோசித்துப் பாருங்கள். ஒரு அடி லேட்டானால் அடுத்த அடி அதை ஒட்டியே விழும், பிறகு மெல்ல மெல்ல சரியாகும். கை தன் தப்பை ஞாபகம் வைத்திருக்கிறது. குலுக்கல் எண்ணுக்கு ஞாபகமே கிடையாது. அந்த ஆய்வில் பாடலை இரண்டு விதமாகவும் கேட்டவர்கள், தொடர்புள்ள விலகலைத்தான் அதிகம் விரும்பினார்கள்.

22 பியானோ கலைஞர்களும் 30 மில்லி செகண்டும்

இந்தத் துறையில் ரொம்ப சுவாரசியமான கண்டுபிடிப்பு ஆஸ்திரியாவில் இருந்து வந்தது. பியானோ கலைஞர்கள் மெட்டு சுரத்தை, கூடவே விழ வேண்டிய மற்ற சுரங்களைவிட ஒரு கண நேரம் முன்னாலேயே ஒலிக்க வைக்கிறார்கள். இது பல காலமாகத் தெரிந்த விஷயம். சுமார் 30 மில்லி செகண்ட். மெட்டு தனியாக எடுப்பாகக் கேட்கட்டும் என்று கலைஞர்கள் செய்யும் நுட்பம் என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

வியன்னாவைச் சேர்ந்த வெர்னர் கோபல் 22 தேர்ந்த கலைஞர்களை அழைத்து, ஷோப்பானின் இரண்டு படைப்புகளில் இருந்து சில பகுதிகளை வாசிக்கச் சொன்னார். பியானோ, சுத்தியலின் ஒவ்வொரு அசைவையும் பதிவு செய்யும் போசன்டார்ஃபர் கம்ப்யூட்டர் பியானோ. 2001-ல் வந்த முடிவு: 30 மில்லி செகண்ட் உண்மைதான். ஆனால் விரல் கட்டையைத் தொட்ட நேரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் அந்த வித்தியாசம் ஏறக்குறைய காணாமல் போய்விடுகிறது. எல்லா விரலும் ஒன்றாகத்தான் இறங்குகின்றன. மெட்டு சுரத்தைப் பலமாக அழுத்துவதால் அதன் சுத்தியல் வேகமாகப் பறந்து, கம்பியை முதலில் தொட்டுவிடுகிறது. அவ்வளவுதான்.

கேட்க சின்ன விஷயம். ஆனால் கம்ப்யூட்டரில் பியானோ அமைப்பவருக்கு இது தலைகீழ் பாடம். நேரத்தைத் தனியாக, பலத்தைத் தனியாகக் குலுக்கக் கூடாது. இரண்டும் ஒரே விரல் செயலின் இரண்டு பக்கங்கள். எந்த சுரம் மேலே நிற்க வேண்டும் என்று பலத்தை முதலில் முடிவு செய்தால், நேர வித்தியாசம் அதோடு சேர்ந்து கொஞ்சம் வந்தாக வேண்டும். மெல்லிய சுரத்தை முன்னே தள்ளி, பலமான சுரத்தைப் பின்னே வைக்கும் 'ஹியூமனைஸ்' பட்டன், இயற்பியலே அனுமதிக்காத ஒரு கையை உருவாக்குகிறது. காது அதைக் கண்டுபிடித்துவிடுகிறது.

ஓடுகிறவர் எப்படி நிற்கிறாரோ அப்படி

சுரத்துக்கு சுரம் பார்ப்பதைவிட முக்கியமானது, வாக்கியம் வாக்கியமாகப் பார்ப்பது. பேச்சில் நாம் எங்கே மூச்சு விடுகிறோமோ, எங்கே அழுத்துகிறோமோ அதே மாதிரி. மிருதங்க வித்வான்கள் 'வல்லினம் மெல்லினம்' என்று சொல்வார்களே, அந்த அறிவு பியானோவுக்கும் வேண்டும். எல்லாமே வல்லினமாக இருந்தால் அது வாசிப்பு இல்லை, தட்டச்சு.

ஸ்வீடனின் கேடிஹெச் பல்கலைக்கழகத்தில் யோஹான் சுண்ட்பெரி, ஆண்டர்ஸ் ஃப்ரைபெரி, வயலின் ஆசிரியர் லார்ஸ் ஃப்ரீடன் ஆகியோர் இதற்கு விதிகளே எழுதினார்கள். சுரம் மேலே போகப் போக பலம் கொஞ்சம் கூடட்டும். வாக்கியத்தின் தொடக்கத்தில் மெல்ல வேகமெடுத்து, முடிவில் தளரட்டும். இப்படிப் போகும் அந்தப் பட்டியல். ஒரு விதியைக் கூட்டினால், குறைத்தால் என்ன ஆகிறது என்று ஃப்ரீடன் கேட்டுக் கேட்டுச் சொல்வார். அவர் காதுதான் அளவுகோல். 1999-ல் சுண்ட்பெரியும் ஃப்ரைபெரியும் இன்னொன்றைக் காட்டினார்கள். பாட்டின் முடிவில் வேகம் குறையும் விதம், ஓடிக்கொண்டிருக்கும் ஒருவர் நிற்பதற்காக வேகத்தைக் குறைக்கும் விதத்தோடு ஒத்துப்போகிறது. கம்ப்யூட்டரில் முடிவை நேர்கோடாகக் குறைத்தால் செயற்கையாகக் கேட்பது ஏன் என்பதற்கு இது நல்ல விளக்கம். மனுஷன் அப்படி நிற்பதில்லை.

பெடலை மறந்துவிடக் கூடாது. கம்ப்யூட்டர் பியானோவில் பலர் கோட்டைவிடும் இடம் இது. நிஜத்தில் புதிய கார்டு விழும்போது கால் மேலே எழும், பழைய ஒலி அடங்கும், அதன் பிறகு ஒரு கணம் தள்ளித்தான் கால் மறுபடி இறங்கும். திரையில் பெடலை ஏற்றுவதையும் இறக்குவதையும் தாளத்தட்டின் மேலேயே சரியாக வைத்தால், பழைய கார்டு புதியதோடு குழம்பி சகதியாகும். அதேபோல ஒரு கை எட்டாத தூரத்தில் சுரங்களை வைப்பது, தாவ நேரமே இல்லாத இடத்தில் கையைத் தாவ வைப்பது, இரண்டு கைக்கும் பதினோரு விரல் கேட்பது. கீபோர்டைத் தொட்டே பார்க்காதவர்கள் செய்யும் தப்புகள் இவை. ஒலி எவ்வளவு உயர்தர சாம்பிளாக இருந்தாலும் இதைக் காப்பாற்றாது.

ஏஐ எங்கிருந்து கற்றுக்கொண்டது?

விதி எழுதும் காலம் முடிந்து, உதாரணங்களில் இருந்து தானே கற்கும் காலம் வந்தது. 2017-ல் கூகுளின் மஜெந்தா குழு 'பெர்ஃபார்மன்ஸ் ஆர்என்என்' என்ற ஒன்றை வெளியிட்டது. சுரங்களோடு சேர்த்து அவற்றின் நேர நெளிவையும், பல ஏற்ற இறக்கத்தையும் அது தானே உருவாக்கியது. 2018-ல் அதே குழு 'மேஸ்ட்ரோ' என்ற தரவுத் தொகுப்பை வெளியிட்டது. சுமார் 200 மணி நேர பியானோ வாசிப்பு, ஒலியும் மிடியும் ஏறக்குறைய 3 மில்லி செகண்ட் துல்லியத்தில் ஒன்றோடு ஒன்று பொருத்தப்பட்டவை.

அந்த 200 மணி நேரமும் யாருடையது? இன்டர்நேஷனல் பியானோ-இ-காம்பெடிஷன் என்ற போட்டியில் வாசித்தவர்களுடையது. அந்தப் போட்டியில் யமஹாவின் டிஸ்க்ளாவியர் பியானோவைப் பயன்படுத்தினார்கள். வாசிப்பதை அப்படியே எண்ணாகப் பதிவு செய்யும் பியானோ அது. வேறு ஊரில் இருக்கும் நடுவர் முன்னால் அதே வாசிப்பை இன்னொரு பியானோ திரும்ப வாசித்துக் காட்ட முடியும் என்பது இதன் வசதி. பரிசுக்காக வாசித்த விரல்கள், பிறகு ஏஐ-க்குப் பாடப்புத்தகமாகிவிட்டன. தொகுப்பை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற உரிமத்தோடுதான் கூகுள் வெளியிட்டது. ஆனால் இன்றைக்கு பியானோ ஏஐ ஆராய்ச்சி செய்யும் எந்தக் குழுவும் இதைத் தொடாமல் போவது அபூர்வம்.

பல விரல்களில் இருந்து கற்றால் என்ன கிடைக்கும்? ஏஐ வருவதற்கு வெகு முன்பே இதற்கு ஒரு பதில் இருந்தது. அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தில் இருந்த ப்ரூனோ ரெப், ஷூமனின் 'ட்ராய்மெராய்' என்ற சின்ன படைப்பின் 28 பதிவுகளை 1992-ல் சுரம் சுரமாக அளந்தவர். ஹோரோவிட்ஸ், கார்ட்டோ உள்பட 24 கலைஞர்களின் பதிவுகள். பிறகு 1997-ல், பலருடைய வாசிப்புகளின் சராசரியை எடுத்து ஒரு செயற்கை வாசிப்பை உருவாக்கி, மற்ற வாசிப்புகளோடு கலந்து கேட்க வைத்தார். தரத்தில் சராசரிக்கு நல்ல மதிப்பெண். தனித்தன்மையில் மட்டும் அடிமட்டம்.

இப்போதைய நிலைமையை இதைவிடத் துல்லியமாகச் சொல்வது கஷ்டம். சீரியல் பின்னணிக்கும், விளம்பரத்துக்கும், தூங்க வைக்கும் வீடியோவுக்கும் தனித்தன்மை தேவைப்படுவதில்லை. 'நல்லா இருக்கு' என்பதே போதும். சராசரி ஜெயிக்கும் இடம் அது. நடுத்தர கீபோர்டு கலைஞர்களுக்கு மாதாந்திர வருமானம் தந்துகொண்டிருந்ததும் அதே இடம்தான்.

எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. பிரான்ஸின் டீசர் தளம் 2025 ஏப்ரலில் சொன்னபடி, அங்கே தினமும் பதிவேறும் பாடல்களில் சுமார் 18 சதவீதம், அதாவது 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை, முழுக்க ஏஐ உருவாக்கியவை. அதே ஆண்டு ஜனவரியில் அது சுமார் 10 ஆயிரமாக இருந்தது.

செத்தவர் வாசிக்கலாமா?

இந்தக் கேள்வி ஏஐ-யோடு பிறந்ததில்லை. 1904-லேயே ஜெர்மனியின் வெல்டே நிறுவனம் கலைஞர்களின் வாசிப்பை ஓட்டை போட்ட காகிதச் சுருளில் பிடித்து, தானாக வாசிக்கும் பியானோவில் ஓட்டியது. 2006-ல் அமெரிக்காவின் ஸென்ஃப் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. கனடாவின் கிளென் கூல்ட் 1955-ல் பதிவு செய்த பாக்-கின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' ஒலியில் இருந்தே ஒவ்வொரு சுரத்தின் நேரத்தையும் பலத்தையும் கணக்கிட்டு எடுத்து, டிஸ்க்ளாவியரில் வாசிக்க வைத்து, பார்வையாளர் முன் அரங்கேற்றியது. 2007-ல் சோனி அதை ஆல்பமாகவே வெளியிட்டது. கூல்ட் 1982-லேயே இறந்துவிட்டார். வாசிக்கும்போது கூடவே முனகுவது கூல்டின் பழக்கம். புதிய பதிவில் அந்த முனகல் இல்லை. சில ரசிகர்களுக்கு அது நிம்மதி, சிலருக்கு அதுதான் பெரிய குறை.

ஒலிப்பதிவில் இருந்தே விரலைப் பிரித்தெடுப்பது அன்றைக்கு ஒரு நிறுவனத்தின் தனித் திறமை. இன்றைக்கு ஆடியோவைப் போட்டால் மிடியாக மாற்றித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் 2024 ஜூனில் யுனிவர்சல், சோனி, வார்னர் ஆகிய பெரிய இசை நிறுவனங்கள் சூனோ, யூடியோ என்ற ஏஐ நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டன. 2025 இறுதியில் யுனிவர்சலும் வார்னரும் சில வழக்குகளை சமரசத்தில் முடித்துக்கொண்டு, லைசென்ஸ் ஒப்பந்தத்துக்கு வந்தன. இதில் பேசப்பட்டது ஒலிப்பதிவின் உரிமை. அது பெரும்பாலும் நிறுவனத்திடம் இருப்பது, வாசித்தவரிடம் இருப்பதில்லை.

இந்தியாவில் 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தில் வாசிப்பவருக்குத் தனி உரிமை உண்டு. 1994-ல் சேர்க்கப்பட்டு, 2012 திருத்தத்தில் பலப்படுத்தப்பட்டது. நிகழ்த்துக் கலைஞர் யார் என்ற பட்டியலில் இசைக் கலைஞர், நடனக் கலைஞர் தொடங்கி பாம்பாட்டி வரைக்கும் இருக்கிறார்கள். நிகழ்ச்சியைப் பதிவு செய்யவும், அந்தப் பதிவை நகலெடுக்கவும் அனுமதி தரும் உரிமை அவர்களுடையது. 50 ஆண்டுகள் அது நீடிக்கும்.

ஆனால் சட்டம் பேசுவது ஒலிப்பதிவு, காட்சிப்பதிவு பற்றி. விரல் அழுத்தத்தின் எண்களைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தையும் அதில் இல்லை. மிடி ஃபைலில் ஒலி கிடையாது. அதை வேறு பியானோ ஒலியோடு ஓட்டினால் பழைய பதிவின் ஒரு துளி ஒலிகூட அதில் இருக்காது. வாசிப்பின் உயிர் முழுசாக இருக்கும், பதிவு மட்டும் இருக்காது. இதை எந்தப் பிரிவில் அடைப்பது?

சென்னையிலோ கொச்சியிலோ ஸ்டுடியோவுக்கு வாசிக்கும் கலைஞர்கள், ஆடியோவோடு மிடி ஃபைலையும் சேர்த்து அனுப்புவது இப்போது சாதாரண விஷயம். இசையமைப்பாளர் பிறகு சுரத்தை மாற்றிக்கொள்ள அது வசதி. அந்த ஃபைலை அந்த ஒரு பாடலுக்கு மட்டும்தான் பயன்படுத்தலாமா, வேறு பாடலுக்கு மாற்றலாமா, ஏஐ பயிற்சிக்குக் கொடுக்கலாமா என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. சம்பளம் பேசும்போது ஆடியோவுக்கு ஒரு வரி இருந்தால், மிடிக்கும் தனியாக ஒரு வரி கேட்கலாம். இப்போதைக்கு வாசிப்பவர் கையில் இருக்கும் நேரடியான பாதுகாப்பு அதுதான்.